ஓவர்கிளாக் செய்யும் முன் கேட்கப்படும் கேள்விகள்: வேகம், சூடு, கரண்ட்

வீட்டு டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் செய்ய, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஏற்றலாம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி. வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறதா, சூடு வெளியே போகிறதா, இந்த இரண்டும் சரியாக இருந்தால் வேகம் எவ்வளவு என்று சிப்பே சொல்லிவிடும்.

ஓவர்கிளாக் செய்யும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

மதர்போர்டில் ஒரு அடிப்படைக் கடிகாரத் துடிப்பு உண்டு, இப்போதைய போர்டுகளில் அது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது: 50 என்று வைத்தால் 5 கிகாஹெர்ட்ஸ், 52 என்றால் 5.2. அந்த எண்ணைக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள் தங்கள் வேலையை முடித்தாக வேண்டும், இடைவெளி குறையக் குறைய ஏதோ ஒரு சுற்று முடிக்க முடியாமல் தப்பான விடையைத் தரும், அல்லது மெஷின் அப்படியே உறைந்துவிடும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் வேகமாக மாறும், அதனால்தான் வேகத்தோடு சேர்த்து வோல்டேஜையும் ஏற்றுகிறோம். வோல்டேஜ் ஏறினால் சூடு ஏறும். மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

இந்தக் காலத்திலும் இதில் லாபம் உண்டா?

முன்பு போல இல்லை. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவான சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் பஸ் வேகத்தை, அதாவது அடிப்படைத் துடிப்பை, 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. பாதிக்குப் பாதி வேகம் இலவசம். இன்று அந்த மிச்சத்தைத் தயாரிப்பாளர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்டெல் கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை மின்சக்தி அளவு 125 வாட், ஆனால் டர்போவில் (சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்போது) 253 வாட் வரை போக இன்டெல்லே அனுமதிக்கிறது. அதாவது கடையிலிருந்து வரும்போதே அது எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கையால் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டுவது சில சமயம் நஷ்டமாகவே முடியும். தானாக விட்டால் ஒரு கோர் 5.7 வரை தாவும் சிப்பை எல்லாக் கோரும் 5.3 என்று பூட்டினால் வீடியோ ரெண்டரிங் வேகமாகும், ஒன்றிரண்டு கோர்களை நம்பி ஓடும் கேம் மெதுவாகும். இன்று பலன் கிடைக்கும் இடங்கள் வேறு. நல்ல கூலர் போட்டால் டர்போ வேகம் நீண்ட நேரம் நிற்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிட்டால் கேம்களில் தெரியும். வோல்டேஜைக் குறைத்தால் அதே மின்சக்தியில் சிப் இன்னும் கொஞ்சம் மேலே போகும். மூன்றாவதைப் பெரும்பாலானோர் கண்டுகொள்வதே இல்லை, எனக்கென்னவோ முதலில் செய்ய வேண்டியதே அதுதான் என்று படுகிறது.

என் பிராசஸரில் முடியுமா?

இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின் ‘கே’ இருக்க வேண்டும், போர்டு ‘இஸட்’ வரிசையாக இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் ஏறக்குறைய எல்லாமே திறந்தவைதான், ஆனால் ஏ320, ஏ520, ஏ620 போன்ற ‘ஏ’ வரிசை போர்டுகள் பிராசஸரை ஏற்ற விடாது. எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் மெமரி அடுக்கிய) சிப்களில் மட்டும் கவனம்: 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது, 2024-இல் வந்த 9800எக்ஸ்3டி திறந்தது. பெரிய நிறுவனங்கள் ஆபீஸுக்கென்று விற்கும் கம்ப்யூட்டர்களின் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரையில்) இந்த மெனுவே பெரும்பாலும் இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொஞ்சம் வேகம் கூட்டினால் ஏன் இவ்வளவு சூடாகிறது?

பிராசஸர் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கு வர்க்க விகிதத்தில் ஏறும். வேகம் 10 சதவீதம், அதற்காக வோல்டேஜும் 10 சதவீதம் என்றால் 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதவீதம் அதிக வாட். 150 வாட் சிப் 200 வாட் ஆகிவிட்டது. கேமில் உங்களுக்குக் கிடைப்பது அந்த 10 சதவீதம்கூட இல்லை, ஏனென்றால் பாதி நேரம் கிராஃபிக்ஸ் கார்டுதான் தாமதம் செய்துகொண்டிருக்கும். அப்புறம், சிப் சூடாக ஆகக் கசிவு மின்னோட்டமும் கூடும், அது இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 10 சதவீதம் வாட் மிச்சம். வெப்பநிலை எல்லையில் முட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த சிப் அந்த மிச்சத்தை வைத்துத் தானே மேலே ஏறிக்கொள்ளும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற பெயரில் இருப்பது இந்த வேலைக்குத்தான்.

எத்தனை டிகிரி வரை கவலையில்லை?

சிப்புக்குச் சிப் மாறும். இன்டெல்லின் சமீபத்திய டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றுக்கும் எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 7800எக்ஸ்3டி-க்கு 89. எல்லையைத் தொட்டால் சிப் எரிந்துவிடாது, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் வேகத்தைக் கூட்டத்தானே இத்தனை வேலையும்? அதனால் கையால் ஓவர்கிளாக் செய்யும்போது கடுமையான சோதனையிலும் எல்லைக்கு 10 டிகிரி கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மறந்துவிடுவார்கள்: கூலரின் திறமை என்பது அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான். அறை 25-இல் இருக்கும்போது சிப் 80 காட்டினால், அறை 35 ஆகும்போது சுமார் 90 காட்டும். ஏசி போட்ட அறையில் ராத்திரி சோதித்து ‘ஸ்டேபிள்’ என்று முடிவு கட்டியவர்கள் மத்தியானத்தில் நீலத் திரையைப் பார்ப்பது இப்படித்தான்.

ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

முதலில் சூடு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். ரைசன் 7000-இல் கோர்கள் இருக்கும் சிலிக்கான் துண்டு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான், விரல் நகத்தைவிடச் சின்னது. அந்த இடத்திலிருந்து 100 வாட்டுக்கு மேல் மேலே உள்ள உலோக மூடிக்குள் போய்ச் சேர வேண்டும். நெரிசல் அங்கேதான். அதற்கு மேலே 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரை மாட்டினாலும் அந்தச் சின்னப் பாதை அகலமாகப் போவதில்லை. அதனால் நடுத்தர ரைசனுக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலரே தாராளம். 250 வாட்டைத் தொடர்ந்து இழுக்கும் பெரிய இன்டெல் சிப் என்றால் கதை வேறு, அங்கே பெரிய ரேடியேட்டருக்கு வேலை இருக்கிறது.

ஏர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும், அதை வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தமும் வீண், வருடங்கள் போகப் போக டியூப் வழியாகத் திரவமும் மெல்ல மெல்லக் குறையும். மாட்டும்போது ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று பம்பில் போய்த் தங்கிக் கடகடவென்று சத்தம் போடும். எந்தத் தண்ணீர்க் கூலராலும் சிப்பை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. போட்டிகளில் காட்டும் பிரமாண்ட எண்களெல்லாம் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி எடுப்பவை, சில நிமிடங்களுக்கு மட்டும்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு போடணும்?

நடுவில் ஒரு பட்டாணி அளவு, பெரிய சிப் என்றால் கொஞ்சம் கூடுதல். அதிகமானால் ஓரத்தில் வழியும், அவ்வளவுதான், குறைந்தால்தான் பிரச்சினை. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரவ உலோகம் எனப்படும் வகை மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

கேபினெட் ஃபேன்கள் எத்தனை?

எண்ணிக்கையைவிடப் பாதை முக்கியம். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. உள்ளே வரும் காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தால் தூசி ஃபில்டர் வழியாக மட்டுமே வரும். கேபினெட்தான் குற்றவாளியா என்று தெரிய எளிய வழி, பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுவது. வெப்பநிலை நன்றாக இறங்கினால் கூலரை மாற்றிப் பயனில்லை, காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

மதர்போர்டு நல்லதாக இருக்க வேண்டுமா? ஆட்டோ வோல்டேஜ் போதாதா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேரின் ஓவர்கிளாக் தோற்பது இங்கேதான்.

பவர் சப்ளை கொடுப்பது 12 வோல்ட், பிராசஸர் கேட்பது சுமார் 1.2 வோல்ட். இடையில் மாற்றிக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம். சிப் 1.25 வோல்ட்டில் 200 வாட் இழுத்தால் அந்த விஆர்எம் வழியாக ஓடுவது 160 ஆம்பியர். மலிவான போர்டில் அதற்கு ஹீட்சிங்க்கூட இருக்காது. அது அதிகமாகச் சூடானால் பாதுகாப்புக்காகப் பிராசஸரின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும், நீங்கள் பிராசஸர் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு ‘70 டிகிரிதானே, ஏன் வேகம் குறைகிறது’ என்று குழம்புவீர்கள். லிக்விட் கூலருக்கு மாறியவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பழைய ஏர் கூலரின் ஃபேன் விஆர்எம் மேலும் கொஞ்சம் காற்றை ஊதிக்கொண்டிருந்தது, இப்போது அங்கே காற்றே இல்லை.

அடுத்தது வோல்டேஜ் சரிவு. சும்மா இருக்கும்போது 1.30 காட்டும் வோல்டேஜ், முழு வேலை வந்ததும் 1.22-க்கு இறங்கும். இது பழுதல்ல, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வேலை திடீரென்று நின்றால் வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும், முன்பே கீழே இறக்கி வைத்திருந்தால் அந்தத் துள்ளல் ஆபத்தான உயரத்துக்குப் போகாது. பயாஸில் லோட் லைன் காலிபரேஷன் என்று இருப்பது இந்தச் சரிவை எவ்வளவு தடுப்பது என்பதற்கான அமைப்பு. அதை உச்சத்தில் வைத்தால் வோல்டேஜ் நேர்க்கோடு போலத் தெரியும், பார்க்க அழகு. ஆனால் அந்த மைக்ரோ விநாடித் துள்ளல் எந்த சாஃப்ட்வேரிலும் தெரியாது, அலைக்காட்டி வைத்தால்தான் தெரியும். நடுவில் ஒரு நிலையில் வையுங்கள், கொஞ்சம் சரிவு இருக்கட்டும்.

ஆட்டோவை முழுதாக நம்பாதீர்கள் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே உதாரணங்கள் உண்டு. 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோடு சேர்ந்து கருகியபோது, எஸ்ஓசி வோல்டேஜ் (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) அளவு மீறிப் போனது காரணங்களில் ஒன்று என்று தெரிந்து, அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு போட்டு பயாஸ் அப்டேட்கள் வந்தன. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் நாளாக நாளாக நிலைகுலைந்த விவகாரத்தில், 1.55 வோல்ட்டுக்கு மேல் சிப் கேட்காதபடி 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும், சிப்புக்குள் ஓடும் திருத்தம்) வந்தது, வாரண்டியும் 2 வருடம் நீட்டிக்கப்பட்டது. அதனால் எதையும் தொடும் முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

பவர் சப்ளை எத்தனை வாட் வேண்டும்?

பிராசஸர் 250, கிராஃபிக்ஸ் கார்டு 350, மற்றதெல்லாம் 75 என்று வைத்தால் 675. இதற்கு 850 வாட் வாங்குவது நிம்மதி. இடைவெளி எதற்கென்றால், பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தங்கள் அளவைப் போல இரு மடங்கு வரை இழுக்கக்கூடியவை. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், 100 மைக்ரோ விநாடிக்கு 200 சதவீதம் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அறிகுறியை வைத்துப் பிரித்துப் பாருங்கள். நீலத் திரை, உறைதல், கேம் மட்டும் மூடிக்கொள்வது என்றால் பெரும்பாலும் ஓவர்கிளாக் பிரச்சினை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுவிட்சை அணைத்தது போல மொத்தமும் நின்றால் முதலில் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, தரத்தை அல்ல. 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சாஃப்ட்வேர் காட்டும் எண்ணை நம்பிப் பதறாதீர்கள், மல்டிமீட்டரில் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டுமென்றால் ஒரே கேபிளின் இரு வாய்களை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள், கனெக்டர் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும், டிஸ்க் போய்விடும்.

வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. ஸ்டெபிலைசர் தேவையா? யுபிஎஸ்?

இப்போதைய நல்ல பவர் சப்ளைகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். உங்களுடையதில் அப்படி எழுதியிருந்தால் மெதுவான ஏற்ற இறக்கம் பிராசஸர் வரை போகவே போகாது, ஸ்டெபிலைசருக்கும் வேலை இல்லை. தொல்லை தருவது சட்டென்று வரும் வெட்டுகள். கரண்ட் நின்ற பிறகு பவர் சப்ளை உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களை வைத்து ஏறக்குறைய 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். அதிக வாட் இழுக்க இழுக்க அந்த நேரம் குறையும். ஓவர்கிளாக் செய்த பிறகு விளக்கு ஒரு தடவை சிமிட்டினாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

யுபிஎஸ் வாங்கினால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். 1000 விஏ என்று விற்கப்படுவது 600 வாட்தான் தாங்கும் என்பது சாதாரணம். சில பவர் சப்ளைகள் படிக்கட்டு வடிவ மின்அலை தரும் மலிவு யுபிஎஸ்ஸுக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடும், சுத்தமான சைன் அலை தருவது பாதுகாப்பு. எர்த் இல்லாத பிளக்கில் இதையெல்லாம் மாட்டி வைத்துவிட்டு சர்ஜ் புரொடெக்டர் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் எதையும் மாற்றாமல் வெப்பநிலை, வேகம், பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ரேம் புரொஃபைலை (எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கும்) அணைத்துவிட்டு பிராசஸரை மட்டும் எடுங்கள். பெருக்கல் எண்ணை ஒன்று ஏற்றுங்கள், பத்து நிமிடம் சோதியுங்கள், மறுபடி ஒன்று. தடுமாறும்போது வோல்டேஜை 0.01 அல்லது 0.02 ஏற்றுங்கள். ஓரிடத்தில் வோல்டேஜ் எக்கச்சக்கமாகக் கேட்கும், வேகமோ 100 மெகாஹெர்ட்ஸ்தான் கூடும், அங்கே நிறுத்தி ஒரு படி இறங்கி வந்துவிடுங்கள். அதன் பிறகுதான் ரேம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம், இல்லையென்றால் எது கவிழ்த்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

நிலையாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடி முடித்தது என்பது தொடக்கம்தான். பிரைம்95, ஓசிசிடி என்ற சோதனை சாஃப்ட்வேர்கள் இரண்டும் கடுமையானவை, தப்பான கணக்கு வந்தால் சொல்லிவிடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று ஆரம்பிக்கும் எச்சரிக்கைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மெஷின் விழாமலே அடியில் பிழைகள் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கலாம். வோல்டேஜைக் குறைத்தவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: இவர்களின் மெஷின் பெரும்பாலும் முழு வேலையில் விழாது, சும்மா பிரவுசர் திறக்கும்போது ஒற்றைக் கோர் உச்சத்துக்குத் தாவும் கணத்தில் விழும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் இதற்கு உதவும்.

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ போடுவதும் ஓவர்கிளாக்தானா?

இவை ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் புரொஃபைல்கள். ஆமாம், அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் போவதால் அதுவும் ஓவர்கிளாக்தான். ஆனாலும் எளிதில் பலன் தருவது இதுதான். ரைசன் 7000-க்கு டிடிஆர்5-6000 நல்ல இடம். நான்கு ஸ்டிக் போட்டால் அந்த வேகம் வராமல் போகலாம், இரண்டே போதும். ரேம் பிழைதான் எல்லாவற்றிலும் மோசமானது, சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள், முக்கியமான ஃபைல்களின் நகலை வேறொரு டிஸ்க்கில் முன்பே எடுத்து வையுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு?

பிராசஸரைவிட எளிது, ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் செய்யலாம், தப்பானால் ரீஸ்டார்ட்டில் பழைய நிலைக்கு வந்துவிடும். மெமரி வேகத்தை ஏற்றும்போது மட்டும் கண்ணை எண்ணில் வையுங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் போன்ற கார்டு மெமரிகள் பிழை வந்தால் திரும்ப அனுப்பச் சொல்லும், திரையில் எதுவும் தெரியாது, ஆனால் பெஞ்ச்மார்க் எண் இறங்கும்.

லேப்டாப்பில் செய்யலாமா?

வேண்டாம். அங்கே வோல்டேஜைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம், ஆனால் 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல இன்டெல் லேப்டாப்களில் அதையும் பூட்டிவிட்டார்கள். தூசியைத் துடைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

ஆயுள் குறையுமா? வாரண்டி?

குறையும், எவ்வளவு என்பது வோல்டேஜையும் சூட்டையும் பொறுத்தது. மின்னோட்டம் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகளை மெல்ல அரிக்கிறது, வோல்டேஜும் சூடும் அதை வேகப்படுத்தும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய அதே அமைப்பு திடீரென்று தடுமாறினால் அதுதான் அறிகுறி. வாரண்டி விதிகளில் பொதுவாக ஓவர்கிளாக்கால் வரும் பழுது சேராது, வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

செட்டிங் மாற்றிய பிறகு திரை கருப்பாகவே நிற்கிறது!

டிடிஆர்5 போர்டு என்றால் முதலில் சில நிமிடம் காத்திருங்கள், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்கை அழிக்கும்) பட்டனையோ ஜம்பரையோ தேடுங்கள். இல்லையென்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். எல்லா அமைப்பும் பழைய நிலைக்கு வந்துவிடும், ரேம் புரொஃபைல் உட்பட, அதை மறுபடி போட வேண்டும்.